மோட்டார் காற்று வாங்குகிறதா? கோளாறு குழாயிலா, நிலத்தடியிலா?

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கத்துக் கிராமங்களில் கோடை தொடங்கியதும் மோட்டார் மெக்கானிக்குகளுக்கு வேலை கூடிவிடும். வீட்டுக்காரர்கள் சொல்வதெல்லாம் ஒன்றுபோலவே இருக்கும். குழாயைத் திறந்தால் புஸ் புஸ் என்று காற்றுதான் வருகிறது, தண்ணீர் விட்டுவிட்டுத் துப்புகிறது, தொட்டி நிரம்ப முன்பு அரை மணி நேரம் ஆனது, இப்போது ஒன்றரை மணி ஆகிறது. மெக்கானிக் வருகிறார், மோட்டாரைத் தூக்குகிறார், ஒரு வால்வை மாற்றுகிறார், கூலி வாங்கிக்கொண்டு போகிறார். பத்து நாளில் மறுபடியும் அதே புஸ் புஸ்.

மோட்டார் காற்று வாங்குவதில் இரண்டு வகை உண்டு. ஒன்று உங்கள் வீட்டுக் குழாயிலோ வால்விலோ உள்ள கோளாறு. அதை ஐம்பது ரூபாய் வாஷரில்கூட முடித்துவிடலாம். இன்னொன்று நிலத்தடி நீர் கீழே இறங்கிவிட்டதன் அறிகுறி. அதை எந்த மெக்கானிக்காலும் சரிசெய்ய முடியாது. எது எந்த வகை என்று தெரியாமல் பணம் கட்டுவதும், கடைசியில் கடன் வாங்கிப் புது போர் போடுவதும்தான் நம் ஊர்களில் நடக்கிறது. தொழிற்சாலைகளும் தொழிலாளர் விடுதிகளும் நிறைந்துவிட்ட இந்தப் பகுதியில் இதைப் பிரித்துப் பார்க்கத் தெரிவது, வீட்டுச் செலவுக்கும் உதவும், ஊர் நியாயத்துக்கும் உதவும்.

முதலில் ஒரு டம்ளர் தண்ணீர் பிடியுங்கள்

கண்ணாடி டம்ளரில் பிடித்து வெளிச்சத்தில் வையுங்கள். பால்போல வெளுத்து வந்து, அடியிலிருந்து மேலாகத் தெளிந்தால் அது காற்றுக் குமிழி. குமிழி மேலே ஏறி வெளியேறுகிறது, அவ்வளவுதான். குடித்தால் கெடுதல் இல்லை. மேலிருந்து கீழாகத் தெளிந்து அடியில் படிவு தங்கினால் அது களி அல்லது நுண்மணல். மோட்டார் போரின் அடிமட்டத்துக்கு மிக அருகில் நிற்கிறது, அல்லது கேசிங் பைப்பில் ஓட்டை விழுந்திருக்கிறது என்று பொருள். நுண்மணல் வரும் மோட்டாரை ஓட்டிக்கொண்டே இருந்தால் உள்ளிருக்கும் இம்பெல்லர் தேய்ந்துவிடும். உடனே நிறுத்திப் பாருங்கள்.

குமிழியோடு அழுகிய முட்டை நாற்றம் வந்தால் விஷயம் வேறு. அது நீரில் கரைந்திருக்கும் வாயு. மூடிய அறைக்குள் வைத்திருக்கும் தொட்டி என்றால் மூடியைத் திறந்து காற்றாட விடுங்கள், பக்கத்தில் நெருப்பு வைக்க வேண்டாம், தண்ணீரைக் குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்தில் கொடுத்துச் சோதியுங்கள். பெட்ரோல், டீசல், பெயின்ட் வாசனை வந்தால் குடிக்கவும் சமைக்கவும் பயன்படுத்தாதீர்கள். தொழிற்பேட்டை பக்கத்தில் இருப்பவர்கள் இதை அலட்சியம் செய்யக் கூடாது. மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு எழுத்தில் புகார் கொடுத்து நகலை வைத்துக்கொள்ளுங்கள்.

காற்று எப்போது வருகிறது?

பாதி விடை இந்தக் கேள்வியிலேயே இருக்கிறது. ஒரு நாள் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு மோட்டார் அருகில் நில்லுங்கள்.

மோட்டார் போட்டவுடன் ஒரு நிமிடம் காற்று அடித்துவிட்டு, பிறகு கடைசி வரை தண்ணீர் நன்றாக வந்தால் நிலத்தடி நீரில் குறை இல்லை. மோட்டார் நின்றிருந்த நேரத்தில் குழாயில் நின்ற தண்ணீர் கீழே இறங்கி, அந்த இடத்தில் காற்று புகுந்திருக்கிறது. ஃபுட் வால்வு அல்லது நீர்மூழ்கி மோட்டாரின் மேல் உள்ள நான்-ரிட்டர்ன் வால்வு சரியாக மூடவில்லை. அல்லது உள்ளே இறக்கிய காலம் பைப்பில் எங்கோ ஒரு இணைப்பு கசிகிறது. இதற்குத்தான் மெக்கானிக் தேவை.

ஆரம்பம் முதல் முடிவு வரை ஒரே அளவில் காற்று கலந்து வந்தால், மேலே வைத்திருக்கும் ஜெட் மோட்டார் அல்லது மோனோபிளாக் உள்ள வீடுகளில், உறிஞ்சும் பக்கக் குழாயைச் சந்தேகப்படுங்கள். உறிஞ்சும் குழாயில் ஓட்டை இருந்தால் தண்ணீர் வெளியே சொட்டாது, காற்று உள்ளே போகும். அதனால்தான் கண்ணுக்குக் கசிவு எதுவும் தெரியாமல் ஏமாந்து போகிறோம். மோட்டார் ஓடும்போது ஒவ்வொரு இணைப்பிலும் சோப்பு நுரையைத் தடவுங்கள். நுரை உள்ளே இழுபடும் இடத்தில்தான் ஓட்டை. மோட்டாரின் தண்டுப் பக்கம் உள்ள வாட்டர் சீல் அல்லது கிளாண்ட் கயிறு தேய்ந்திருந்தாலும் அங்கிருந்து காற்று வாங்கும். இன்னொரு சோதனை: மோட்டாரை நிறுத்திவிட்டு, மேலே தண்ணீர் ஊற்றும் வாயில் விளிம்பு வரை ஊற்றி, அரை மணி நேரம் விட்டுப் பாருங்கள். தண்ணீர் இறங்கினால் ஃபுட் வால்வோ குழாயோ பிடிக்கவில்லை. உறிஞ்சும் குழாய் கிணற்றிலிருந்து மோட்டார் வரை சீராக மேலேறி வர வேண்டும். நடுவில் முதுகுபோல மேடு இருந்தால் அங்கே காற்று தங்கிக்கொள்ளும்.

மூன்றாவது வகைதான் இந்தப் பகுதியில் அதிகம். முதல் பத்து, பதினைந்து நிமிடம் நல்ல தண்ணீர். பிறகு துப்பத் தொடங்குகிறது. பிறகு வெறும் காற்று. மோட்டாரை நிறுத்தி ஒரு மணி நேரம் கழித்துப் போட்டால் மறுபடியும் பத்து நிமிடம் நல்ல தண்ணீர். இதில் குழாயையும் வால்வையும் குறை சொல்லாதீர்கள். மோட்டார் இழுக்கும் வேகத்துக்கு ஊற்று ஈடுகொடுக்கவில்லை. தண்ணீர் மோட்டாரின் வாய்க்குக் கீழே போய்விடுகிறது.

மேலே மோட்டார் வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு கணக்கும் உண்டு. உறிஞ்சும் மோட்டார் தண்ணீரை இழுப்பது கிடையாது, வெளிக்காற்றின் அழுத்தம்தான் தண்ணீரைத் தள்ளி ஏற்றுகிறது. ஏட்டில் அது 34 அடி. உண்மையில் குழாய் உராய்வெல்லாம் போக 20 முதல் 25 அடிதான். கிணற்றில் நீர்மட்டம் 15 அடியில் இருந்து 28 அடிக்குப் போய்விட்டால், கிணற்றில் இன்னும் பத்தடித் தண்ணீர் நின்றாலும் மேலே உள்ள மோனோபிளாக் அதை எடுக்காது. புது மோட்டார் வாங்கினாலும் எடுக்காது. எச்.பி. கூட்டினாலும் எடுக்காது. திறந்தவெளிக் கிணற்று நீர்மூழ்கி மோட்டாருக்கு மாறுவதே வழி.

கம்ப்ரசர் போட்டிருப்பவர்கள் காற்று வருவதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், அது காற்றை அனுப்பித்தான் தண்ணீரை ஏற்றுகிறது. ஆனால் தண்ணீர் குறைந்து காற்று மட்டும் கூடிக்கொண்டே போனால், காற்றுக் குழாயின் முனைக்கு மேல் நிற்கும் தண்ணீரின் உயரம் குறைந்துவிட்டது என்று அறியுங்கள்.

போரின் வாயில் காது வையுங்கள்

நீர்மூழ்கி மோட்டார் உள்ளவர்களுக்கு இது செலவில்லாத சோதனை. மோட்டார் ஓடும்போது போர் மூடியைத் தள்ளிக் கேளுங்கள். உள்ளே தண்ணீர் பீய்ச்சும் சத்தம் கேட்டு, மோட்டாரை நிறுத்திய கொஞ்ச நேரத்தில் சத்தமும் நின்றுவிட்டால் காலம் பைப்பில் ஓட்டை. மோட்டாரை நிறுத்திய பிறகும் அருவி விழுவதுபோலச் சத்தம் நீண்ட நேரம் தொடர்ந்தால், அது மேல் ஊற்றிலிருந்து தண்ணீர் கீழே விழுகிற சத்தம்.

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் களியும் ஷேல் எனப்படும் களிப்பாறையும் மணற்பாறையும் மாறி மாறி வரும். பல்லாவரம் பக்கம் பார்க்கிற சார்னோக்கைட் வகைக் கரும்பாறையும் இந்த வட்டாரத்தில் உண்டு. இத்தகைய பாறையில் தண்ணீர் மணலில் நிற்பதுபோல எங்கும் நிறைந்து நிற்பதில்லை. மேலே சிதைந்த பாறையிலும், அதன் கீழே வெடிப்புகளிலும்தான் நிற்கிறது. 60 அடியில் ஒரு வெடிப்பு, 120 அடியில் ஒரு வெடிப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். மட்டம் 60 அடிக்கு மேல் இருக்கும்வரை எல்லாம் அமைதி. மட்டம் 100 அடிக்கு இறங்கியதும், 60 அடி வெடிப்பில் ஊறும் தண்ணீர் நாற்பது அடி கீழே விழுகிறது. விழும்போது காற்றையும் சேர்த்து அடித்துக்கொண்டு போகிறது. மோட்டார் அந்த நுரையைத்தான் குடிக்கிறது. மோட்டாரில் ஒரு பழுதும் இல்லை.

இந்த நிலையில் "இன்னும் இருநூறு அடி இறக்கிப் போட்டால் தண்ணீர் கொட்டும்" என்று போர் வண்டிக்காரர் சொல்வதை அப்படியே நம்பாதீர்கள். கெட்டிப் பாறையில் ஆழம் போகப் போக வெடிப்புகள் பொதுவாகக் குறைந்துகொண்டே வரும். அதிர்ஷ்டம் இருந்தால் ஒரு வெடிப்பு கிடைக்கும், இல்லாவிட்டால் உலர்ந்த பொடிதான் பறக்கும். இருக்கிற போரிலேயே செய்ய வேண்டியவை உண்டு. அடியிலிருந்து பத்தடியாவது விட்டு, இடம் இருக்கும் அளவுக்கு மோட்டாரைக் கீழே இறக்கலாம். மேலே கேட் வால்வைப் பாதி மூடி, தண்ணீர் வரும் வேகத்தைக் குறைக்கலாம். ஊற்று மணிக்கு 500 லிட்டர் கொடுக்கும்போது 2,000 லிட்டர் இழுக்கும் மோட்டார் வைத்தால் காற்றுதான் வரும். டைமர் வைத்துப் பத்து நிமிடம் ஓட்டி, முக்கால் மணி நேரம் நிறுத்தி ஓட்டினால் ஒரே இரவில் தொட்டி நிரம்பிவிடும். தண்ணீர் இல்லாதபோது மோட்டாரைத் தானாக நிறுத்தும் டிரை ரன் கருவியைப் பேனல் போர்டில் கட்டாயம் போடுங்கள். நீர்மூழ்கி மோட்டார் சுற்றியுள்ள தண்ணீரால்தான் குளிர்கிறது. காற்றில் ஓடினால் காயில் எரிந்துவிடும்.

மின் கட்டணத்தையும் பாருங்கள். ஒரு எச்.பி. மோட்டார் மணிக்குச் சுமார் ஒரு யூனிட் எடுக்கும். அரை மணி ஓட வேண்டியது ஒன்றரை மணி ஓடினால் நாளுக்கு ஒரு யூனிட் கூடுதல். இரண்டு மாதத்தில் 60 யூனிட். வீட்டு இணைப்புக்கு 2016 முதல் தருகிற இலவச 100 யூனிட்டில் பாதிக்கு மேல் காற்றை இறைப்பதிலேயே போய்விடுகிறது.

தொட்டியிலிருந்து வீட்டுக்குள் வரும் குழாயில் மட்டும் காற்று அடைத்துக்கொண்டால் அது தனிக் கதை. தொட்டி ஒருமுறை முழுதாகக் காலியானால் குழாயின் மேட்டில் காற்று தங்கி வழியை அடைத்துவிடும். தொட்டியின் வெளிக்குழாயை ஒட்டி மேல்நோக்கி ஒரு காற்றுப்போக்கிக் குழாய் வைத்துவிட்டால் தீர்ந்தது. இதற்குப் போர் மோட்டாரைத் தூக்கிப் பார்த்துக் கூலி கேட்பவரை மறுமுறை கூப்பிடாதீர்கள்.

ஒரு எச்சரிக்கை

ஃபுட் வால்வைப் பார்க்கிறேன் என்று பழைய கிணற்றுக்குள் இறங்காதீர்கள். பல நாள் மூடிக் கிடந்த கிணற்றில் ஆக்சிஜன் இருக்காது. கரியமில வாயு அடியில் தங்கியிருக்கும். விளக்கை இறக்கிப் பார்க்கும் பழைய முறை ஆக்சிஜன் குறைவை மட்டும்தான் காட்டும். கிணற்றுக்குள் டீசல் எஞ்சின் வைத்து இறைத்திருந்தால் அந்தப் புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடு இருக்கும்போதும் விளக்கு எரியும், ஆள் மயங்குவார். முதலில் இறங்கியவர் விழுந்ததும் காப்பாற்ற அடுத்தவர் இறங்குகிறார், அவரும் விழுகிறார். ஒரே வீட்டில் இரண்டு சாவு இப்படித்தான் வருகிறது. குழாயை மேலே இழுத்துப் பாருங்கள். ஆள் விழுந்துவிட்டால் இறங்காமல் 101 அல்லது 112-ஐ அழையுங்கள்.

உங்கள் வீட்டில் மட்டுமா, தெரு முழுவதுமா?

இங்கிருந்துதான் இது வீட்டுக் கோளாறு என்ற எல்லையைத் தாண்டுகிறது.

அக்கம்பக்கத்தில் விசாரியுங்கள். உங்கள் வீட்டில் மட்டும் காற்று வந்தால் உங்கள் குழாய். ஒரே வாரத்தில் தெருவில் ஐந்தாறு வீட்டில் தொடங்கியிருந்தால் மட்டம் இறங்கியிருக்கிறது. இன்னொரு சோதனையும் செய்யுங்கள். காலை ஆறு மணிக்குக் காற்று வாங்கும் மோட்டாரை இரவு இரண்டு மணிக்குப் போட்டுப் பாருங்கள். இரவில் நன்றாக ஓடினால், உங்கள் ஊற்று செத்துவிடவில்லை. அதே ஊற்றில் இன்னொருவர் காலையில் உங்களோடு சேர்ந்து இழுக்கிறார். அது பக்கத்து விடுதியாக இருக்கலாம், லாரி நிரப்பும் போராக இருக்கலாம், நெல்லுக்கு இறைக்கும் நம் ஆளாகவும் இருக்கலாம்.

இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் 1998-இல் கார் தயாரிக்கத் தொடங்கியது. 2006-இல் நோக்கியா வந்தது, 2014-இல் மூடியது. ஒரகடத்தில் 2010 முதல் ரெனோ-நிசான், பிறகு டைம்லர், ராயல் என்ஃபீல்டு என்று வரிசையாக வந்தன. சுங்குவார்சத்திரம் பக்கம் செல்போன் தொழிற்சாலைகள். வேலைக்கு வந்தவர்கள் கிராமங்களில்தான் தங்குகிறார்கள். நம்மில் பலரும் நிலத்தில் வரிசை வீடு கட்டி வாடகைக்கு விட்டிருக்கிறோம். ஒரு வீட்டுக்கு ஒரு போர் என்று இருந்த இடத்தில் இன்று ஒரே போரில் முப்பது, நாற்பது பேர் குளிக்கிறார்கள்.

அளவு புரிவதற்கு ஒரு கணக்கு. வல்லம் வடகால் சிப்காட்டில் 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்ட பெண் தொழிலாளர் விடுதியில் 18,720 படுக்கைகள். நகரத் திட்டங்களில் ஆளுக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் என்று கணக்கிடுவார்கள். அப்படிப் பார்த்தால் 25 லட்சம் லிட்டர். அந்த விடுதி உங்கள் ஊற்றிலிருந்து எடுக்கிறது என்று நான் சொல்ல வரவில்லை. ஆயிரக்கணக்கான பேர் ஓரிடத்தில் வாழ எவ்வளவு தண்ணீர் வேண்டும் என்பதற்குத்தான் இந்தக் கணக்கு. அரசு கட்டிய விடுதிக்குக் குழாயில் தண்ணீர் கொண்டுவர வழி உண்டு. ஊருக்குள் தனியார் நடத்தும் சின்ன விடுதிகளுக்குப் போரும் லாரியும்தான்.

தொழிற்சாலையைத்தான் எல்லாரும் முதலில் கைகாட்டுவார்கள். கோயம்பேட்டில் சென்னைக் கழிவுநீரை மூன்றாம் கட்டம் வரை சுத்திகரித்து, நாளுக்கு 4.5 கோடி லிட்டர் வரை இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், வல்லம் வடகால் பக்கத் தொழிற்பேட்டைகளுக்கு அனுப்புவதற்காக ஒரு நிலையம் கட்டியிருக்கிறார்கள். அது நல்ல காரியம். ஆலைக்கு நல்ல தண்ணீர் வேண்டியதில்லை என்ற இடங்களில் இதுவே போதும். என் கணிப்பில், இன்று கிராமத்து வீட்டு மோட்டார்களைக் காற்று வாங்க வைப்பதில் பெரிய ஆலையைவிட, கணக்கில் வராத லாரிப் போர்களுக்கும் வாடகை விடுதிகளுக்கும்தான் பங்கு அதிகம்.

ஒரு லாரி 12,000 லிட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். நாளுக்குப் பத்து லோடு என்றால் 1,20,000 லிட்டர். ஆயிரம் சதுர அடிக் கூரை மேல் 1,200 மில்லிமீட்டர் மழை பெய்தால் ஓராண்டு முழுவதும் விழுவது சுமார் 1,11,000 லிட்டர்தான். உங்கள் வீட்டுக் கூரையின் ஒரு வருட மழையை அந்தப் போர் ஒரே நாளில் ஊருக்கு வெளியே அனுப்பிவிடுகிறது.

நாமும் இறைக்கிறோமே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஒரு ஏக்கரில் ஓரங்குலம் தண்ணீர் கட்டினால் அது ஒரு லட்சம் லிட்டருக்குச் சற்று அதிகம். ஒரு லாரிப் போருக்கு நம் நெல்வயல் இளைத்ததல்ல. ஆனால் வயலில் நின்ற தண்ணீரில் ஒரு பகுதி அதே நிலத்தில் மறுபடியும் இறங்கும். லாரியில் போனது திரும்பாது. சித்திரையில் நெல் வைக்காமல் எள், உளுந்து என்று போவது உங்கள் வீட்டு மோட்டாருக்கும் நல்லது, இலவச மின்சாரம் இருக்கிறது என்பதற்காக இரவெல்லாம் ஓடவிடுவதை நிறுத்துவதும் அப்படியே.

2019 கோடையை மறந்திருக்க மாட்டீர்கள். செம்பரம்பாக்கம் ஏரி வறண்டு வெடித்தது. சென்னைக்கு லாரித் தண்ணீர் நம் மாவட்டத்து விவசாயக் கிணறுகளிலிருந்தும் போனது. பயிர் வைத்து வரும் லாபத்தைவிட லோடு விற்று வரும் பணம் எளிது என்று சிலர் கண்டுகொண்டார்கள். விற்றவருக்குப் பணம் வந்தது. அவருடைய பக்கத்து வீட்டு மோட்டார்தான் முதலில் காற்று வாங்கியது.

சட்டம் எங்கே நிற்கிறது?

தமிழ்நாடு 2003-இல் நிலத்தடி நீருக்கென்று ஒரு சட்டம் கொண்டுவந்தது. நடைமுறைக்கு வராமலே 2013-இல் அதை நீக்கிவிட்டார்கள். இன்றைக்கு இருப்பது முக்கியமாக 2014-இல் வந்த பொதுப்பணித் துறை அரசாணை. வணிகத்துக்காக நிலத்தடி நீர் எடுப்பதற்குத் தடையின்மைச் சான்று வேண்டும் என்று அது சொல்கிறது. சென்னை உயர் நீதிமன்றம் 2018 அக்டோபரில் அதை ஏற்றுத் தீர்ப்புச் சொன்னபோது தண்ணீர் லாரி உரிமையாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். சென்னையையும் அதைச் சுற்றிய குறிப்பிட்ட கிராமங்களையும் மட்டும் கட்டுப்படுத்தும் 1987-ஆம் ஆண்டுச் சட்டமும் இருக்கிறது. அதன்படி நிலத்தடி நீரை வண்டியில் ஏற்றிச் செல்ல உரிமம் வேண்டும். உங்கள் கிராமம் அந்தச் சட்டத்தின் பட்டியலில் உண்டா என்று வட்டாட்சியர் அலுவலகத்தில் கேளுங்கள். உண்டு என்றால் உங்கள் புகாருக்குப் பலம் அதிகம்.

நிலத்தடி நீர்நிலையைப் பிர்கா எனப்படும் குறுவட்ட வாரியாக மதிப்பிடுகிறார்கள். 2020 மதிப்பீட்டில் தமிழ்நாட்டின் 1,166 குறுவட்டங்களில் 435 அளவுக்கு மிஞ்சி எடுக்கப்பட்டவை என்று வகைப்படுத்தப்பட்டன. உங்கள் குறுவட்டம் எந்த வகையில் வருகிறது என்பதை நீர்வளத் துறையின் நிலத்தடி நீர்ப் பிரிவில் கேட்டால் சொல்வார்கள். எழுத்தில் கேளுங்கள், தகவல் உரிமைச் சட்டப்படி கேட்டாலும் சரி.

அரசின் கண்காணிப்புக் கிணறு உங்கள் தெருவில் இருக்காது. அங்கேதான் நாம் தோற்கிறோம். "தண்ணீர் குறைஞ்சு போச்சு சார்" என்று அதிகாரியிடம் சொன்னால் "மழை இல்லை, என்ன செய்வது" என்பார். எண் கையில் இருந்தால் அப்படிச் சொல்ல முடியாது. கேரளத்தின் பிளாச்சிமடாவில் குளிர்பான ஆலையை எதிர்த்து 2002-இல் போராட்டம் தொடங்கியது. கிணற்றுத் தண்ணீர் மாறியதை முதலில் கண்டவர்கள் அங்கே தண்ணீர் எடுக்கும் பெண்கள்தான். உரிமத்தைப் புதுப்பிக்க மறுத்தது ஊராட்சி. 2004-இல் ஆலை நின்றது. ஊராட்சி நினைத்தால் நடக்கும் என்பதற்கு அது சாட்சி. ஆனால் ஊராட்சியை நினைக்க வைக்க ஊர் கையில் கணக்கு வேண்டும்.

அளக்கும் முறை

அரை அங்குல பி.வி.சி. குழாய் ஒன்றை, அடுத்த முறை மோட்டார் தூக்கும்போது, காலம் பைப்போடு சேர்த்துக் கட்டி இறக்கிவிடுங்கள். அந்தக் குழாய் வழியாக எடை கட்டிய நூலை இறக்கினால் மின் கம்பியில் சிக்காது. அளக்கும்போது மெயின் சுவிட்ச் அணைந்திருக்க வேண்டும். விடிகாலையில் யாரும் மோட்டார் போடுவதற்கு முன் ஒரு அளவு. அரை மணி நேரம் ஓட்டி, மெயினை அணைத்தவுடன் ஒரு அளவு. முதல் அளவு ஊரின் நீர்மட்டத்தைச் சொல்கிறது. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் உங்கள் ஊற்றின் பலத்தைச் சொல்கிறது. மாதத்தில் இரண்டு நாள் போதும், அமாவாசை, பௌர்ணமி என்று வைத்துக்கொண்டால் மறக்காது. தினசரி காலண்டர் தாளின் பின்புறம் எழுதிவையுங்கள். தெருவுக்கு மூன்று வீட்டில் செய்தாலே ஒரு வருடத்தில் நல்ல ஆவணம் ஆகிவிடும். லாரி வந்த நாளும் லோடு எண்ணிக்கையும் பக்கத்தில் எழுதுங்கள்.

இந்தத் தாளோடு கிராம சபைக்குப் போங்கள். ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 தவிர, இப்போது மார்ச் 22 உலகத் தண்ணீர் நாளிலும், நவம்பர் 1 உள்ளாட்சி நாளிலும் கிராம சபை கூடுகிறது. மார்ச் 22 நமக்கு ஏற்ற நாள், கோடையும் அப்போதுதான் பிடிக்கத் தொடங்கும். ஊருக்குள் புது போர் போட ஊராட்சியின் அனுமதி வேண்டும் என்று 2015-ஆம் ஆண்டு விதிகள் சொல்கின்றன. வணிக நோக்கில் கேட்கப்படும் அனுமதியைக் கிராம சபையில் வாசிக்க வேண்டும், லாரி நிரப்பும் போர்களின் சான்றுகளைக் காட்ட வேண்டும் என்று தீர்மானம் போடுங்கள். பரந்தூர் விமான நிலையத்தை எதிர்த்து ஏகனாபுரம் மக்கள் கிராம சபையில் திரும்பத் திரும்பத் தீர்மானம் போட்டார்கள். அந்தத் திட்டம் வேண்டுமா வேண்டாமா என்பது ஒருபுறம் இருக்கட்டும். அவர்கள் கிராம சபையைக் கையாண்ட விதம் இந்த வட்டாரத்துக்கே பாடம்.

மழைநீரையும் விட்டுவிடாதீர்கள். 2003-இல் கட்டாயமாக்கப்பட்ட மழைநீர்த் தொட்டிகள் பல வீடுகளில் மண் மூடிக் கிடக்கின்றன. முன் கணக்கிட்ட அதே கூரைநீரில் ஐந்தில் நான்கு பங்கு சேர்ந்தாலும் சுமார் 90,000 லிட்டர். கிராமக் குடிநீர்த் திட்டங்கள் கணக்கிடும் ஆளுக்கு 55 லிட்டர் படி, நான்கு பேர் வீட்டுக்கு ஓராண்டுக்கு ஆவது சுமார் 80,000 லிட்டர். ஐப்பசிக்கு முன் கூரையைப் பெருக்கி, முதல் மழையை வெளியே விட்டு, ஜல்லி, மணல் வடிகட்டி வழியாகத் திறந்த கிணற்றில் விடுங்கள். சாலையில் ஓடும் தண்ணீரை மட்டும் போரில் விடாதீர்கள். தொழிற்பேட்டைச் சாலைகளில் எண்ணெயும் கிரீஸும் கலந்து ஓடுகிறது, அது ஊற்றில் கலந்துவிட்டால் எடுக்க முடியாது.

இத்தனைக்கும் பிறகு புது போர் போட்டே ஆக வேண்டும் என்றால், போடுங்கள். ஆனால் பழைய போரை அன்றைக்கே மூடுங்கள். 2019 அக்டோபரில் மணப்பாறை அருகே நடுக்காட்டுப்பட்டியில், கைவிட்ட போரில் விழுந்த இரண்டு வயதுக் குழந்தையை நான்கு நாள் போராடியும் உயிரோடு மீட்க முடியவில்லை. கைவிட்ட போரை அடியிலிருந்து மேல்வரை மண், மணல், கல் கொண்டு நிரப்ப வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2010-இலேயே சொல்லியிருக்கிறது. மேலே ஒரு சாக்கைக் கட்டி, அதன்மேல் கல்லை வைப்பது மூடியதாகாது. தண்ணீர் கொஞ்சமாவது ஊறும் போர் என்றால் நிரப்பாமல், கேசிங் பைப்பில் இரும்பு மூடியைப் பற்றவைத்து, நூல் இறக்கும் அளவுக்கு மட்டும் துளை விட்டு, மட்டம் அளக்க வைத்துக்கொள்ளுங்கள்.